தண்டலும் சாரங்கும் லஸ்கரும்: ஆங்கிலேயர் வணிகக் கப்பல்களில் நம்மவர் உழைப்பு

கடலொடு தமிழர் கொண்ட உறவு மிகத் தொன்மையானது. ஐந்திணையுள் ஒன்றாக நெய்தலை வகுத்துக்கொண்ட இலக்கியம் நம்முடையது. கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம், அம்பி, பஃறி என நீரில் மிதப்பனவற்றுக்குப் பல பெயர்களைச் சூட்டிய தமிழ், அவற்றைச் செலுத்துவோனை மீகாமன் என்றும் நீகான் என்றும் பெயரிட்டு அழைத்தது. புகார்த் துறையில் வந்திறங்கிய பொருள்களைப் பட்டினப்பாலை அடுக்கிக் காட்டுகிறது. கலம் உடைந்தபின் முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் நாட்டுக் கரையை அடைந்த சாதுவனின் கதையை மணிமேகலை விரித்துரைக்கிறது.

எனினும் இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். இப்பாடல்கள் பெரும்பாலும் கரையில் நின்று கடலைக் கண்டவை. சாதுவன் வணிகன், ஆதலால் அவன் பெயர் காப்பியத்தில் நிலைபெற்றது. அவன் ஏறிச் சென்ற கலத்தில் பாய் விரித்தவர்கள், துடுப்புப் பிடித்தவர்கள், கலத்தோடு மூழ்கியவர்கள் யாவர் என்று காப்பியம் கூறவில்லை. கப்பல் பாடப்பட்டது, சரக்கு பாடப்பட்டது, கரையில் காத்திருந்த தலைவி பாடப்பட்டாள். கலத்தின் உள்ளே உழைத்தவன் பாடப்பட்டது அரிது.

இந்நிலை பண்டைக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் உலகக் கடல்களை ஆண்ட ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்களில் இளமை முழுவதையும் கழித்த இந்தியர் பல்லாயிரவர். அவர்களுடைய நினைவுகள் ஏட்டில் ஏறியவை மிகச் சில. அவர்தம் வாழ்வையும், அவர்கள் நம் மொழியில் விட்டுச் சென்ற தடங்களையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிசல் மண்ணும் கப்பலும்

நாரணாபுரம் வானம் பார்த்த பூமி. சிவகாசியைச் சுற்றிய இந்நிலத்தில் கிணறு வற்றும், கண்மாய் காயும், கடல் கண்ணுக்கு எட்டாது. இவ்வூர்க்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது. விருதுபட்டி என்ற அன்றைய பெயரோடு விளங்கிய விருதுநகரும் சாத்தூரும் அதன்வழி ஒரு துறைமுகத்தோடு பிணைக்கப்பட்டன. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. பஞ்சத்துக்கு அஞ்சிய மக்கள் அவ்வழியே சென்று இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர்.

அக்கப்பல்களை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். அதை எதிர்த்து வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வரலாறு தமிழர் யாவரும் அறிந்ததே. அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் பாண்டித்துரைத் தேவர் என்பதை இலக்கிய அன்பர்கள் சிறப்பாக நினைத்தல் தகும். அவர் அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தத்தின் ஜமீன்தார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். தமிழுக்குச் சங்கம் கண்டவரே கப்பலுக்கும் தலைமை ஏற்றார் என்பது இம்மாவட்டத்துக்கு உரிய பெருமை.

1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்தன. ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இலவசமாகவே பயணிகளை ஏற்றவும் முன்வந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். சூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

அப்போராட்டம் கப்பல் யாருக்கு உரியது என்னும் வினாவை எழுப்பிற்று. அதன் அருகில் இன்னொரு வினாவும் இருந்தது. ஆங்கிலேயரின் கப்பலை ஓட்டிய கைகள் யாருடையவை? அவ்வினாவை நாட்டு வரலாறு நெடுங்காலம் எழுப்பவில்லை.

லஸ்கர் என்னும் பெயர்

ஆங்கிலேயர் தம் கப்பல்களில் பணிபுரிந்த இந்திய, ஆசிய மாலுமிகள் அனைவரையும் 'லஸ்கர்' என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். படை என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலேயே இம்முறை தோன்றிவிட்டது. இந்தியாவுக்கு வரும் வழியில் ஆங்கில மாலுமிகள் நோயால் இறந்தனர்; சிலர் கப்பலை விட்டு ஓடினர். திரும்பும் பயணத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது இந்தியர் அமர்த்தப்பட்டனர்.

இலண்டனில் இறங்கியபின் அவர்கள் நிலை இரங்கத்தக்கதாயிற்று. திரும்பும் கப்பல் கிடைக்கும்வரை குளிரிலும் பசியிலும் வாடினர். 1814-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று அவர்களின் தங்குமிடங்களைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு அந்நிலை முற்றியது. 1823-இல் இயற்றப்பட்ட சட்டமோ, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவராயினும் லஸ்கர்களைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கொள்வதற்கில்லை என்றது. ஆளும்போது குடிமக்கள், கூலி கேட்கும்போது அயலார். இம்முரண் அடுத்த நூறாண்டுக்கும் தொடர்ந்தது. 1857-இல் இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதுவும் அறச்சிந்தையுடைய சிலர் நன்கொடையால் எழுந்தது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. நிலக்கரியை அள்ளி உலையில் இடும் வேலைக்கு மலிவான கைகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. ஆள் சேர்க்கும் பெருந்துறைகளாகக் கல்கத்தாவும் பம்பாயும் விளங்கின. வங்கத்தின் சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பகுதியினரும், கொங்கணத்தாரும், கோவா கிறித்தவரும், பஞ்சாபியரும் கப்பலேறினர். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இருந்த லஸ்கர்களின் தொகை ஏறத்தாழ 50,000. அவர்களோடு ஒப்பிடத் தமிழரின் தொகை சிறிதே. ஆயினும் சோழமண்டலக் கரையின் மரைக்காயரும், முத்துக்குளித்துறையின் பரதவரும் பாய்க்கப்பல் தொழிலில் வழிவழியாகத் தேர்ந்தவர்கள். நீராவிக் கப்பல் வந்து அவர்தம் வாணிகத்தைச் சுருக்கியபோது, கலத்தின் தலைவராய் இருந்த மரபினர் பிறர் கலத்தில் கூலியாய் ஏறும் நிலை உண்டாயிற்று.

கீழ்த்தட்டு வாழ்க்கை

கப்பலில் மூன்று பிரிவுகள் உண்டு. மேல்தட்டில் கயிறும் நங்கூரமும் சுக்கானும் கையாள்வோர் ஒரு பிரிவு. எந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் உழைப்போர் மற்றொரு பிரிவு. சமையலும் பயணிகளுக்கான பணிவிடையும் செய்வோர் மூன்றாம் பிரிவு. ஒவ்வொரு பிரிவும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து மக்களைக் கொண்டதாக இருந்தது.

மேல்தட்டுக்கும் எந்திரப் பிரிவுக்கும் தனித்தனித் தலைவர் உண்டு. அவரே சாரங்கு. ஆள் சேர்ப்பவரும் அவரே. வேலை வாங்குபவரும் அவரே. கடன் கொடுப்பவரும் அவரே. தம் ஊரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் இளைஞர்களை அவர் அழைத்து வந்தார். துறைமுகத்து விடுதிகளில் மாதக்கணக்கில் கடனுக்கு உண்டு காத்திருந்த இளைஞன், வேலை கிடைத்ததும் முதல் ஊதியத்தின் பெரும்பகுதியை விடுதிக்காரருக்கும் சாரங்குக்கும் கொடுத்தான். கடலைக் காணுமுன்னரே கடன் அவனைச் சூழ்ந்தது. ஆயினும் அயல்கடலில் நோயுற்றால் பார்ப்பவரும், இறந்தால் வீட்டுக்குச் செய்தி சொல்பவரும் அச்சாரங்கே. சுரண்டலும் உறவும் ஒரே மனிதரிடம் கலந்திருந்தன.

கொதிகலன் அறையின் வேலை நான்கு மணி நேரம் கொண்டது. எட்டு மணி நேர இடைவெளிக்குப்பின் மீண்டும் நான்கு மணி நேரம். உலையின் வாயைத் திறந்து கரி இடவேண்டும். நீண்ட இரும்புக் கம்பியால் தணலைக் கிளறவேண்டும். சாம்பலை வாரிக் கடலில் கொட்டவேண்டும். செங்கடலைக் கடக்கும்போது வெப்பம் தாளாமல் மயங்கி விழுந்தோர் பலர். வெயிலில் பிறந்தவர்க்கு வெப்பம் உறைக்காது என்று முதலாளிகள் வாதிட்டனர். குறைந்த கூலிக்கு உடலின் நிறத்தைக் காரணமாகக் காட்டும் வாதம் அது.

லஸ்கரின் ஊதியம் ஆங்கில மாலுமியின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே இருந்தது. தங்கும் இடத்தைச் சட்டமே அளந்து கொடுத்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கில மாலுமி ஒருவருக்கு 120 கன அடி இடம் வேண்டும் என்றது. லஸ்கருக்கு 36 கன அடி போதும் என்ற பழைய விதியோ அப்படியே நின்றது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம். ஒரு பிணப்பெட்டியின் அளவைவிட மிகப் பெரிதன்று அவ்விடம்.

ஒப்பந்தம் முடிந்தால் அவர்களை இந்தியத் துறையிலேயே இறக்கிவிடவேண்டும் என்பது விதி. மீறிப் பிரிட்டனில் தங்கியோர் மீது 1919-இல் கார்டிஃப், லிவர்பூல் முதலிய துறைமுக நகரங்களில் வெள்ளையர் தாக்குதல் நடத்தினர். 1925-இல் வந்த ஆணை ஒன்று, நிறமுடைய அயல்நாட்டு மாலுமிகள் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பிரிட்டிஷ் குடிமக்களே ஆயினும், அதை மெய்ப்பிக்கத் தாளில்லாத இந்திய மாலுமிகளும் அயலாராகப் பதியப்பட்டனர்.

சொற்கள் சொல்லும் வரலாறு

இவர்கள் நூல் எழுதவில்லை. ஆனால் சொற்களை விட்டுச் சென்றனர். பல மொழியினர் கூடி உழைத்த கப்பலில் இந்துஸ்தானி, பாரசீகம், அரபு, போர்ச்சுகீசியம், வங்காளம், மலாய், ஆங்கிலம் யாவும் கலந்த ஒரு பேச்சு உருவானது. தாமஸ் ரோபக் என்பவர் அக்கப்பல் மொழிக்கு 1811-இலேயே ஓர் ஆங்கில அகராதி வெளியிட்டார். ஆணையிடும் ஆங்கில அதிகாரிக்கு அம்மொழி தேவைப்பட்டது என்பதே அதன் காரணம்.

அச்சொற்களுள் சில தமிழிலும் வழங்குகின்றன. சுக்கான் அரபு மொழியிலிருந்து வந்தது. நங்கூரமும் சாரங்கும் பாரசீகத்திலிருந்து வந்தவை. மறுபுறம் நம் கட்டுமரம் ஆங்கிலக் கடலேறி உலகச் சொல்லாயிற்று. கொடுத்தும் கொண்டும் வளர்ந்த மொழி கடல்மொழி.

இச்சொற்களில் இரண்டினைச் சற்றே ஆழ்ந்து நோக்கலாம்.

ஒன்று 'தண்டல்'. தமிழ்க் கரையில் தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 'தண்டயல்' என்பர். காற்றும் விண்மீனும் நீரோட்டமும் அறிந்து கலத்தைக் கரை சேர்ப்பவர் அவர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, தமிழ் மாலுமிகளோடு பெருங்கடல் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய கலத்தில் தண்டயல் தலைமைக்குரியவர். அதே சொல் ஆங்கிலேயர் கப்பலில் 'டிண்டல்' என்றாகி, சாரங்குக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிறு மேற்பார்வையாளரைக் குறித்தது. சொல் மாறவில்லை, அதன் தகுதி இறங்கிற்று. ஒரு மரபினர் தம் கலத்தை இழந்து பிறர் கலத்தில் ஏறிய கதை அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

மற்றொன்று 'மாலுமி'. அரபு மொழியில் ஆசிரியர், கற்பிப்பவர் என்று பொருள்படும் முஅல்லிம் என்னும் சொல் வழி கூறும் கடலறிஞரைக் குறித்தது. ஆங்கிலேயர் கப்பலில் லஸ்கர்கள் இச்சொல்லால் தம் ஆங்கில அதிகாரியை அழைத்தனர். வழியறியும் அறிவு அவரிடமே உண்டு என்று விதிக்கப்பட்டுவிட்டது. தமிழிலோ கப்பலில் பணிபுரியும் எவரையும் மாலுமி என்கிறோம். கரி அள்ளியவனுக்கும் ஆசிரியன் என்று பெயர் தந்த பெருமை தமிழ் வழக்குக்கு உரியது.

'லஸ்கர்' என்னும் சொல்லும் மறையவில்லை. அது கடலிலிருந்து ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. தமிழகத்தில் அணையின் மதகைத் திறந்து அடைக்கும் கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்றே பெயர். வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம் ஆகிய நீர்த்தேக்கங்களை அண்டிய உழவர்க்கு அச்சொல் புதிதன்று. இரயில்வேயின் கலாசியும் கப்பலிலிருந்து இறங்கியவரே. எங்கே பெயரற்ற கடும் உழைப்பு உண்டோ, அங்கே கப்பலின் கீழ்த்தட்டுச் சொல் வந்து அமர்ந்திருக்கிறது.

ரஜுலாவும் ரோனாவும்

தமிழர் நினைவில் நிலைத்த கப்பல் ஒன்று உண்டென்றால் அது 'ரஜுலா'. 1926-இல் கட்டப்பட்டுச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. அதில் மலேயா சென்ற தமிழர் எண்ணற்றோர். தளத்தில் பாய் விரித்துப் படுத்ததையும், வாந்தியெடுத்ததையும், கரை கண்டபோது அழுததையும் அவர்கள் தம் மக்களுக்குச் சொல்லியுள்ளனர். 1973-இல் அது இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. பயணிகளின் நினைவு எஞ்சியது. அவர்கள் படுத்திருந்த தளத்துக்குக் கீழே இரவு பகலாய் உழைத்தவர்களின் நினைவு எஞ்சவில்லை.

அதன் துணைக்கப்பல் 'ரோனா'. அதுவும் 1926-இல் கட்டப்பட்டது. அதுவும் நம் கரைக்கும் மலேயாவுக்கும் இடையே ஓடியது. இரண்டாம் உலகப் போரில் படைவீரரை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டது. 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியக் கரையை அடுத்து ஜெர்மானிய விமானம் ஏவிய வழிநடத்து குண்டு அதனைத் தாக்கியது. அமெரிக்க வீரர் ஆயிரவர்க்கு மேல் மாண்டனர். நாகப்பட்டினத்து மக்கள் ஏறி இறங்கிய கப்பல் மத்தியதரைக் கடலின் அடியில் கிடக்கிறது. அதன் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டோரும் அதனோடு மூழ்கினர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்.

1940 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. காசியின் பெயர் தாங்கிய அக்கப்பலின் பணியாளர்களில் பெரும்பாலோர் இந்தியரே. அதன் படகு ஒன்று நாற்பத்தாறு பேருடன் எட்டு நாள் வட அட்லாண்டிக்கில் அலைந்தபின் மீட்கப்பட்டது. அப்படகில் இருந்த ஆறு சிறுவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதே படகில் குளிரில் நடுங்கிய இந்திய மாலுமிகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு.

இவர்கள் வாளா இருந்தவரும் அல்லர். 1939-இல் போர் மூண்டவுடன் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பர்மா ஆகிய நாடுகளின் துறைகளில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். அப்தாப் அலி முதலிய தொழிற்சங்கத் தலைவர்களின் முயற்சியால் ஊதியம் உயர்ந்தது. உயர்ந்த ஊதியமும் ஆங்கில மாலுமியின் ஊதியத்துக்கு ஈடாகவில்லை. அப்போரில் உயிர் நீத்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கு மேற்பட்டவர். முதல் போரில் மாண்ட வங்க, அசாம் லஸ்கர்கள் 896 பேருக்காகக் கல்கத்தாவின் ஊக்ளி ஆற்றங்கரையில் ஒரு நினைவுத் தூண் 1924-இல் திறக்கப்பட்டது. கல் தொகையைச் சொல்கிறது. ஆளைச் சொல்வதற்கு இலக்கியம் வேண்டும்.

நினைவுகளைக் காத்தவர்கள்

அப்பணியை முன்னெடுத்தோருள் இருவர் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கிழக்கு இலண்டனில் இளைஞர் நலப்பணி ஆற்றிய கரோலின் ஆடம்ஸ், இளமையில் ஆங்கிலேயர் கப்பல்களில் உழைத்துப் பின் அந்நகரில் குடியேறிய சில்ஹெட் முதியவர்களின் வாய்மொழி வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து 1987-இல் நூலாக்கினார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்ததும், கல்கத்தா விடுதியில் காத்திருந்ததும், உலையின் முன் முதல் நாள் அழுததும் அவர்கள் வாயாலேயே வெளிவந்தன. ரோசினா விஸ்ராம் 1986-இல் வெளியிட்ட ஆய்வுநூல் ஆயாக்கள், லஸ்கர்கள் ஆகியோரின் வரலாற்றை ஆவணங்களின் துணையால் நிறுவியது.

தமிழ்ப் புனைகதையும் கடலை மறந்துவிடவில்லை. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' தென்கிழக்காசியக் கடலைத் தமிழுக்குள் கொண்டுவந்தது. ஜோ டி குருஸின் 'கொற்கை' தூத்துக்குடியின் தோணித் தொழிலையும் கப்பல் தொழிலையும் நாவலாக்கி, 2013-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. ஆயினும் புனைகதை செய்வது வேறு. வாழ்ந்தவர் வாய்மொழியைத் தொகுப்பது வேறு. பிந்தைய பணி தமிழில் இன்னும் பெரிதும் செய்யப்படவேண்டியதாகவே உள்ளது.

பிரிட்டிஷ் கொடி பறந்த கப்பல்களில் இளமையைக் கழித்தோருள் உயிரோடு எஞ்சியிருப்போர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு பணிச்சான்று, மஞ்சளித்த ஒரு புகைப்படம், பேரனுக்குச் சொன்ன ஒரு புயற்கதை, பேச்சிடையே வந்துவிழும் ஒரு கப்பற்சொல் ஆகியவையே அவர்தம் ஆவணங்கள். அவை அழிந்தால் மீட்க வழியில்லை. கடற்கரை ஊர்களில் மட்டுமன்றி, பஞ்சத்தாலும் கடனாலும் துறைமுகம் தேடிப் போனவர்களைப் பெற்ற உள்நாட்டு ஊர்களிலும் அவற்றைத் தேடுதல் வேண்டும்.

இப்பணிக்கு இலக்கிய வட்டங்கள் ஏற்றவை. பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் நாரணாபுரம் போன்ற ஊரின் வட்டத்துக்கு இதில் தனி உரிமையும் உண்டு. நெருப்போடு நாள்தோறும் பழகி, அந்நெருப்பின் ஆபத்தை உடலில் தாங்கி, ஊருக்கெல்லாம் ஒளி அனுப்பும் மக்கள் இம்மண்ணினர். தீப்பெட்டி அடுக்கும் விரல்களையும், மருந்து கலக்கும் கைகளையும் பாடுவோர்க்கு, உலையின் முன் நின்ற கப்பல் தொழிலாளியின் உள்ளம் எளிதில் புலப்படும். இரண்டு நெருப்பிலும் ஒளி வேறொருவருக்கு, வெப்பம் உழைத்தவனுக்கு.

கரையில் நின்று கடலைப் பாடிய மரபு பெருமைக்குரியதே. இனிக் கலத்தின் கீழ்த்தட்டுக்கு இறங்கி, அங்கு நின்றவனின் பெயரைக் கேட்டு எழுதுவது அம்மரபை நிறைவு செய்யும் பணியாகும். தண்டல் என்னும் சொல் இழந்த தகுதியை மீட்டுத் தர வரலாற்றால் இயலாது. மாலுமி என்னும் சொல்லுக்குள் ஓர் ஆசிரியனைக் காத்து வைத்த தமிழால் இயலும்.